பளீல் தைத்த படகு

மடவளையில் பளீலின் வீடு முதல் தடவையாக நகர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்த ஆண்கள் சோற்றில் கை வைத்த நேரத்தில். ஏறத்தாழ நாலு முழம், மகாவலி ஆறு ஓடும் பொல்கொல்லைப் பக்கமாக. அன்று தேங்காய் இருநூற்றுப் பத்து ரூபாய் போனது, ஊர் அதைப் பற்றித்தான் கூடுதலாகப் பேசியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பளீலின் வீடு என்று எழுதியதுகூடப் பிழைதான். அது ஹபீலாவின் வீடு. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது பல குடும்பங்களில் வீட்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்ந்தால் போதும். பளீல் முப்பது வருடங்களுக்கு முன் வத்தேகமவிலிருந்து ஓர் உடுப்புப் பெட்டியோடும் ஒரு தையல் மெஷினோடும் அப்படி வந்து சேர்ந்தவர். சாதுவான மனிதர். ஊரில் பாதி ஆண்களின் இடுப்பளவு அவருக்கு மனப்பாடம், ஒருவருடையதையும் மற்றவரிடம் சொன்னதில்லை.

வீடு ஏன் நகர்ந்தது என்று கேட்டால் ஓர் ஆணியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ரோட்டை அகலமாக்கப் பளீலின் கடையை உடைத்தபோது அவர் பெரிதாக வருத்தப்படவில்லை. பெயர்ப்பலகையை மட்டும் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம் அது. ஹபீலா பக்கத்தில் நின்று சுவருக்கெல்லாம் பெயின்ட் அடிப்பித்து, இடுப்பு நோவோடு அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்திருக்கிறாள். மனிதர் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு, ஈரம் காயாத நடுச்சுவரில் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.

"நில்லுங்க. இது எங்கட உம்மா எனக்குத் தந்த ஊடு. சுவத்துல ஆணி அடிக்க ஏலா" என்றாள் ஹபீலா.

நோன்புக் களைப்பில் வந்த பேச்சுதான். எந்த வீட்டில் இல்லை? ஆனால் முப்பது வருடத்தில் அவள் வாயிலிருந்து அது வந்தது அன்றுதான். பளீல் சுத்தியலைக் கீழே வைத்தார், ஆணியைச் சட்டைப் பைக்குள் போட்டார், அதோடு அவளுடன் பேசுவதையும் நிறுத்திக்கொண்டார். அவருக்குத் தேநீர் வேண்டுமென்றால் அக்குறணையில் கட்டிக்கொடுத்த மகள் நுஹாவுக்குப் போன் போடுவார். நுஹா உம்மாவுக்குப் போன் போட்டு, வாப்பாவுக்குத் தேத்தண்ணி வேணுமாம் என்பாள். ஹபீலா தேநீரை ஊற்றி, சீனி போதுமா என்று கேட்கச் சொல்லி அக்குறணைக்கே திருப்பிப் போன் போடுவாள். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது ஒரு மரக்கதவு. அந்தப் பிள்ளை தன் வீட்டில் சோறு ஆக்கினாளா இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க ஹபீலாவுக்கு நாக்கு நுனிவரை வரும். அவர் முகத்தைப் பார்த்ததும் ரோசம் வந்து உள்ளே இழுத்துவிடும். நல்ல கொழுப்புத்தான் இரண்டு பேருக்கும்.

பெருநாள் கழிந்து சில நாட்களில் பளீல் ஒரு லொறியில் பலகைத் தகடுகள் கொண்டுவந்து மொட்டைத் தளத்தில் ஏற்றினார். என்னத்துக்கு என்று பக்கத்துக் கடை அஸ்ஃபர் கேட்டதற்கு, போட் ஒன்று செய்யப்போகிறேன், செய்து முடித்ததும் பொல்கொல்லைக்கு மேலே தண்ணீரில் போய் இருந்துகொள்வேன் என்றார். தரை என்றால் எங்கே போனாலும் யாராவது ஒருவருடைய உம்மா யாராவது ஒருவருக்குக் கொடுத்ததாகத்தான் இருக்கும், தண்ணீரை ஒருவரும் சீதனமாகக் கொடுத்ததில்லை என்பது அவர் கணக்கு. அஸ்ஃபருக்கு அது சரியென்றே பட்டது. அவரும் மனைவி வீட்டில் இருப்பவர்.

பளீலுக்குத் தெரிந்தது தையல் ஒன்றுதான், ஆகவே படகையும் தைத்தார். முதலில் தனக்கே அளவெடுத்தார்: நெஞ்சு, இடுப்பு, கை நீளம், கால் நீளம். சோக்கட்டியால் பலகையில் கோடு போட்டு, தையலுக்கென்று ஓரத்தில் இரண்டு விரல் விட்டு, நனைந்தால் சுருங்கும் என்று இன்னும் ஒரு விரல் கூட்டி வெட்டினார். ஓரங்களில் துளை போட்டுச் செப்புக் கம்பியைக் கோத்து முதலில் ஓட்டுத் தையல், பிறகு நெருங்கிய தையல். அதன் மேலே கண்ணாடி நார்த் துணி விரித்துப் பிசின் பூசி இறுக்கினார். முன்பக்கத்துக்குக் கொலர் வைத்தார். பின்பக்கம் காற்சட்டையின் இருப்பிடம் போல அகலமாக, கௌரவமாக இருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் நல்ல பொருத்தம் என்றார்கள். படகைப் பற்றிச் சொல்கிறார்களா அவரைப் பற்றிச் சொல்கிறார்களா என்று பளீல் கேட்கவில்லை.

மோட்டர் நீர்கொழும்பிலிருந்து மீன் லொறியில் வந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் பழைய படகு மோட்டர். மூடியில் பெயின்ட் உரிந்து, விசிறியின் ஓர் இலை நசுங்கியிருந்தது. இதைச் சும்மா வைத்திருந்தால் இறுகிப்போகும், வாரத்துக்கு ஒரு தரமாவது ஓடவிடுங்கள் என்று விற்றவர் சொல்லியனுப்பியிருந்தார். பளீல் அதைப் படகின் பின்பக்கத்தில் பூட்டி, விசிறி முங்கும்படி நீலப் பரல் பீப்பாய் ஒன்றில் தண்ணீர் நிரப்பி வைத்து, பிஸ்மி சொல்லிக் கயிற்றை இழுத்தார். மோட்டர் இருமியது, புகைத்தது, பிறகு ஓடியது. பரலுக்குள் தண்ணீர் கொந்தளித்தது. வீடு நகர்ந்தது. கீழே ஹபீலா மீன் ஆணத்தை அகப்பையால் எடுத்து ஊற்ற, அது பாத்திரத்துக்கு வெளியே விழுந்தது. பாத்திரம் அதற்குள் வேறிடத்துக்குப் போயிருந்தது.

கண்டிப் பக்கத்தில் வீடு நகர்ந்தால் மண்சரிவு என்றுதான் முதலில் நினைப்பார்கள். அதிகாரிகள் வந்து நிலத்தை அளந்தார்கள். மண் இருந்த இடத்திலேயே இருக்கிறது, வீடுதான் போயிருக்கிறது, ஆகவே இது தங்களுடைய பிரிவில் வராது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, பிளேன்டீ குடித்துப் போனார்கள். வீட்டைக் கட்டிய மேசன் இராமையா மஹய்யாவையிலிருந்து ஓட்டோ பிடித்து ஓடிவந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், குந்தி உட்கார்ந்து தட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துபோனது. "அத்திவாரம் ஒரு கீறல் இல்லாம கூடவே வந்திருக்குங்க. வேற ஆளு போட்டிருந்தா அங்கனயே விட்டுட்டு வந்திருக்கும்" என்றார். அன்று அவர் கூலி வாங்கவில்லை. பிறகு கண்டி முழுவதும் அதைச் சொல்லியே நாலு வீட்டு வேலை பிடித்தார்.

காரணத்தைக் கண்டது ஹபீலா. அடுத்த நாள் தளத்தில் காயப்போட்ட மிளகாய் காற்றில் உருண்டு படகின் கீழே போய்விட்டது. எடுக்கக் குனிந்தவள் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தாள். மேல்மாடி கட்டும்போது தேவைப்படும் என்று விட்டு, பிறகு கால் தடுக்கிறது என்று வளைத்துப் படுக்கவைத்த இரும்புக் கம்பிகள் அங்கே கிடந்தன. பளீலின் செப்புத் தையல் படகின் அடிப்பலகையில் இறங்கி, அந்த இரும்பைச் சுற்றி, மறுபடி பலகைக்குள் ஏறி, மறுபடி இறங்கி, வரிசை பிசகாமல் கடைசி வரைக்கும் போயிருந்தது. சட்டைக் கையைத் தைக்கும்போது அடியில் கிடக்கிற துணியையும் சேர்த்துப் பிடித்துவிடுவது தையற்காரருக்கு எப்போதாவது நடக்கிறதுதான். பளீல் படகை வீட்டோடு சேர்த்துத் தைத்துவிட்டார். மூட்டு நோவுக்காரர், அவர் குனிந்து பார்க்கப்போவதில்லை.

ஹபீலாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். இந்தத் தையல் இருக்கும்வரை இந்த மனிதர் எங்கேயும் போக முடியாது. சொன்னால் அன்றைக்கே பிரித்துவிடுவார், பிரித்தால் போய்விடுவார். அவர் போய்விட்டால் தனக்கு இந்தச் சுவர்களோடு என்ன வேலை என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது. மிளகாயைப் பொறுக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பளீல் கயிற்றை இழுத்தார், வீடு போனது. இடையில் ஒரு நாள், படகைக் கீழே இறக்க ஊர் இளைஞர்கள் வந்து ஸலவாத்துச் சொல்லித் தூக்கினார்கள். படகோடு வீடும் ஒரு சாண் எழும்பியது. குசினியில் நின்ற ஹபீலா அலுமாரியைப் பிடித்துக்கொண்டு வாய் பேசாமல் நின்றாள். இறக்கி வைத்ததும் இளைஞர்கள், போட் கொஞ்சம் பாரம்தான் பளீல் நானா என்று சொல்லிவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டார்கள். பளீல் யோசித்தார். இந்த வீட்டுக்குத் தன்னைக் கண்டால் ஆகாது, வேண்டுமென்றே படகைப் பிடித்து வைத்திருக்கிறது என்று முடிவுசெய்தார். படகு இறங்காதென்றால் வீடே கொண்டுபோய் ஆற்றில் விடட்டும் என்று மண்ணெண்ணெயைக் கூட்டி ஊற்றினார். அதன்பிறகு வெள்ளிக்கிழமை ஒன்றுக்கு ஒரு காணித் தூரமாவது போனது.

வீடு பிரதான வீதிக்கு வந்தது. இடது பக்கம் ஒதுங்கித்தான் போனது, அதில் குறை சொல்ல முடியாது. பஸ்கள் ஹோர்ன் அடித்து முந்திக்கொண்டு போயின. மின்சாரக் கம்பியை இழுத்து நீட்டிக் கொடுக்க ஒருவர் வாராவாரம் வந்தார். ஹபீலா அவருக்குப் பகல் சாப்பாடு வைத்தாள். பள்ளிவாசல் லெப்பை திசைகாட்டியோடு வந்து, தொழுகைக்குக் கிப்லா எந்தப் பக்கம் என்று பார்த்துச் சுவரில் பென்சிலால் கோடு போடுவார், அடுத்த வாரம் பக்கத்தில் இன்னொரு கோடு. பெயின்ட் அடித்த சுவர்தான். ஹபீலா ஒன்றும் சொல்லவில்லை. கிராம சேவகர்கள் இரண்டு பேர் இந்தக் குடும்பம் யாருடைய பிரிவு என்று முற்றத்தில் நின்று வாதாடி, பகல் சோற்றை எங்கே ஆக்குகிறார்களோ அங்கே என்று தீர்த்துக்கொண்டார்கள். பெரிய தொல்லை பீங்கான்தான். புது வீட்டுக்காரர் வந்தால் அக்கம்பக்கத்தார் ஒரு பீங்கானில் ஏதாவது வைத்து அனுப்புவார்கள். அந்தப் பீங்கானை வெறுமனே திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை. ஹபீலாவுக்கோ வாரத்துக்கு வாரம் புது அக்கம்பக்கம். வட்டிலப்பம் வந்த பீங்கானுக்கு அவள் பூந்தி செய்து முடிப்பதற்குள் வீடு போய்விடும். கடைசியில் பீங்கான்களைத் துணியில் கட்டி மடவளைப் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடத் தொடங்கினாள். அவர் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் இறங்கி வீடுவீடாகப் பூந்தி கொடுத்தார். பயணிகளும் பொறுத்துக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் நடுவில் ஹபீலா ஆற்றுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு கிட்டப் போகப் போக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தையல் பிடிக்கும் என்று பகலில் தைரியமாக இருப்பாள். அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால், தண்ணீரைக் கண்ட பிறகும் இவர் குனிந்து பார்க்காமலா இருப்பார் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். புரட்டாசி மழை கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை வீடு பொல்கொல்லை அணைக்கட்டுக்கு மேலே, மகாவலி அகன்று கிடக்கிற இடத்தில், கரையில் போய் நின்றது. பளீல் சாமான்களைப் படகில் ஏற்றினார்: தையல் மெஷின், உடுப்புப் பெட்டி, பெயர்ப்பலகை. ஆட்களைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னார். வீடு எழும்பியது. இறக்கினார்கள், மறுபடி தூக்கினார்கள், வீடு மறுபடி எழும்பியது. ஆட்கள் போனதும் பளீல் தளத்தில் படகுக்குள் ஏறி உட்கார்ந்தார். தேநீர் கேட்டுப் போன் வரவில்லை. சோறும் கேட்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நுஹாவே எடுத்தாள்.

"உம்மா, வாப்பா போன்ல அழுறாரு" என்றாள். "இந்த ஊடு என்னய ஒரு மனுசனா மதிக்கவும் இல்ல, போக விடவும் இல்ல எண்டு சொல்றாரு. எனக்கு ஏலா உம்மா. நீங்களே போய்ப் பேசுங்க."

ஹபீலா போனை வைத்தாள். தான் கட்டிக்கொண்ட மனிதரை வீட்டு நாயைப் போலக் கட்டி வைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மேசையிலிருந்த, கம்பி வெட்டும் குறட்டை எடுத்துக்கொண்டு படியேறினாள். பளீல் படகின் கொலர்ப் பக்கம் தலை சாய்த்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. மாதக் கணக்குக்குப் பிறகு அவள் அவருடன் நேரே பேசினாள்.

"ஊடு ஒங்களப் பிடிச்சு வெக்கல்ல. நீங்கதான் போட்டை ஊட்டோட சேத்துத் தச்சீக்கிறீங்க. எனக்கு மொதல்லயே தெரியும். சொன்னாப் போயிடுவீங்கண்டு சொல்லல்ல."

பளீல் ஒன்றும் விளங்காமல் பார்த்தார். பிறகு இறங்கி, மூட்டைப் பிடித்துக்கொண்டு, யா அல்லாஹ் என்று குனிந்து தரையோடு தலை வைத்துப் பார்த்தார். நெடுநேரம் எழும்பவில்லை. முப்பது வருடத் தையற்காரர், கொட்டாவி விடுகிற பையன் செய்கிற பிழையைச் செய்திருக்கிறார். காது மடல் சிவந்துபோனது. தையல் மட்டும் ஒன்றுபோல விழுந்திருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். சொன்னது தனக்கா அவளுக்கா என்று தெரியவில்லை.

"ஆணிக்கு நான் பேசின பேச்சுப் பிழை" என்றாள் ஹபீலா. "ஒங்கள வெச்சுத்தான் எனக்கு இது ஊடு. இப்ப போறதெண்டாலும் கோவத்தோட போகாதீங்க." குறட்டை அவர் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பளீல் தையலைப் பிரித்தார். ஒவ்வொரு கம்பியாக வெட்டி எடுத்தார். கீழே ஹபீலாவுக்கு ஒவ்வொரு டிக் சத்தமும் கேட்டது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், ஆகையால் கண்ணைத் துடைக்க ஒருவருக்கும் காரணம் சொல்லத் தேவை இருக்கவில்லை. மத்தியானம் ஆட்கள் வந்து தூக்கினார்கள், படகு பஞ்சு போல வந்தது, வீடு அசையவில்லை. தண்ணீரில் வைத்ததும் படகு அவர் உடம்புக்குத் தைத்த சட்டை போல நின்றது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஏறி உட்கார்ந்த பளீல் குசினி ஜன்னலைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். முப்பது வருடத்தில் சொல்லிப் பழகாத விசயம் போல, வரவில்லை. ரோசக்காரர், ஏறின பிறகு இறங்குவதா? கயிற்றை இழுத்தார், மோட்டர் ஓடியது, போய்விட்டார்.

நடு ஆற்றுக்குப் போனதும் திரும்பிப் பார்த்தார். வீடு கரையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், முன்வாசற்படியை முதலில் தண்ணீரில் வைத்து ஆழம் பார்த்து, பிறகு முழுவதுமாக இறங்கியது. கொடியில் அவருடைய சாரன்கள் காய்ந்தபடியே, டிஷ் அன்டனாவோடும் முற்றத்துக் கறிவேப்பிலையோடும் மிதந்து பின்னால் வந்தது. பளீல் வேகத்தைக் கூட்டினார், வீடும் கூட்டியது. நிறுத்தினார், அதுவும் நின்றது. தையலில் ஏதோ ஒன்றை விட்டுவிட்டேன் என்று நினைத்தார். திரும்பி வந்து வீட்டைச் சுற்றினார், தண்ணீருக்குள் தோள் வரைக்கும் கையை விட்டு அத்திவாரத்தைத் தடவினார், படகின் அடியைத் தடவினார். கம்பி இல்லை, கயிறு இல்லை, நூல்கூட இல்லை. மோட்டரை அணைத்துவிட்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். உள்ளே மீன் பொரிகிற வாசம்.

"ஒண்ணும் கட்டியில்லியே ஹபீலா. எப்பிடி வருது?" என்று கேட்டார்.

ஹபீலா அகப்பையோடு ஜன்னலுக்கு வந்தாள்.

"நான்தான் வரச் சொன்ன" என்றாள்.

பளீல் படகை முன்வாசல் தூணில் கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, படியேறி உள்ளே போனார். மீன் ஒரு பக்கம் கொஞ்சம் கருகியிருந்தது, இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். அந்த வீடு இப்போதும் அங்கேதான் இருக்கிறது. படகு முன்னால் போகும், வீடு பின்னால் போகும். சில நாட்களில் வீடு முன்னால் போவதும் உண்டு. பகல் சோற்றை ஆற்றின் மேலே ஆக்குவதால் எந்தக் கிராம சேவகரின் பிரிவு என்பது இன்னும் தீரவில்லை. பொல்கொல்லை வழியாகப் போகும் பஸ்ஸில் ஆற்றுப் பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பார்க்கலாம். பெரும்பாலும் ஒருவரும் பார்ப்பதில்லை, அந்த நேரத்தில் பஸ்ஸில் எல்லாரும் போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.